ட்வீட்டரில் கை வைப்பதற்கு முன்

தர்மபுரியிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். பெங்களூரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். வயது இருபதைத் தாண்டிவிட்டது. தாழ்ந்த சத்தத்துக்கு ஆறரை அங்குல வூஃபர், கீச்சென்ற மேல் சத்தத்துக்கு ஓர் அங்குல சில்க் டோம் (பட்டுத் துணிக் குமிழ்) ட்வீட்டர். புதிதாகக் கட்டிய வீட்டு ஹாலில் பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறார். பழைய பாட்டு போட்டால் ஜால்ராவும் கொலுசும் மங்கிக் கேட்கின்றன. புதுப் பாட்டு போட்டால் ‘ஸ’, ‘ச’ வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது. இது போக, இடது பக்கம் வலதைவிடக் கொஞ்சம் அடங்கியிருக்கிறதோ என்று ஒரு சந்தேகம். ஓசூரில் இருக்கும் அவருடைய நண்பர், “மெட்டல் டோம் ட்வீட்டர் வாங்கிப் போடு, சவுண்டு எங்கேயோ போய்விடும்” என்றாராம். ஜோடி பதினைந்தாயிரம் ஆகும். போடலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம் சார். காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஒரே ட்வீட்டர் ஒரு பாட்டில் மங்கலாகவும் இன்னொரு பாட்டில் கூர்மையாகவும் கேட்கிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பதிவையும் அறையையும்தான். ட்வீட்டர் கெட்டிருந்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே விதமாகத்தான் கெட்டிருக்கும். 1950, 60களின் சினிமாப் பாடல்கள் பலவற்றில் 10 கிலோஹெர்ட்ஸுக்கு (நொடிக்குப் பத்தாயிரம் அதிர்வு; எண் கூடக் கூட ஒலி கீச்சென்று ஆகும்) மேல் பெரிதாக எதுவும் இருக்காது. அன்றைய ஒலித்தடமும் டேப்பும் அவ்வளவுதான் தாங்கின. எஃப்எம்மில் கேட்டால் எந்தப் பாட்டாக இருந்தாலும் 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பதிவில் இல்லாத கொலுசை எந்த ட்வீட்டரும் கொண்டுவர முடியாது. இன்றைய பாடல்களில் பலவற்றின் கதை நேர் எதிர். குரலை முன்னால் தள்ளுவதற்காக 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை தூக்கி, அதன்மேல் சத்தத்தையும் இறுக்கிக் கலந்திருப்பார்கள். ‘ஸ’கரம் குடியிருப்பது அந்த இடத்தில்தான். மெட்டல் டோம் போட்டால் அது தேயப்போவதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பது தாண்டியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் நம்மில் பெரும்பாலோருக்கு 13, 14 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் காது கேட்காது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் வருவதுதான். ஆகவே ‘40 கிலோஹெர்ட்ஸ் வரை போகும்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். நாம் ட்ரெபிள் (மேல்ஸ்தாயி) என்று சொல்வதில் முக்கால்வாசி 3 முதல் 10 கிலோஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கிறது.

சரி, இடது பக்கத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதிலேயே உண்மையான பழுதாக இருக்கக்கூடியது அதுதான்.

எஃப்எம்மை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்தால் ‘உஸ்ஸ்’ என்று வரும் இரைச்சல் போதும். இல்லையென்றால் போனில் பிங்க் நாய்ஸ் என்று தேடி எடுங்கள். மோனோவில் (இரண்டு பக்கமும் ஒரே சத்தம் வரும்படி) போட்டு, பேலன்ஸை ஒரு தடவை இடதுகோடிக்கும் ஒரு தடவை வலதுகோடிக்கும் திருப்பிக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் ஆம்ப்ளிஃபயரை (ஆம்ப்) அணைத்துவிட்டு, ஆம்ப்பின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிக் குத்துங்கள். மங்கல் இப்போது வலது பெட்டிக்குப் போய்விட்டால் பழுது ஆம்ப்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. மங்கல் இடது பெட்டியிலேயே நின்றால், அடுத்து பெட்டிகளையே இடம் மாற்றி வையுங்கள். மங்கல் பெட்டியோடு போகிறதா, அந்த மூலையிலேயே நிற்கிறதா? மூலையிலேயே நின்றால் அது அறையின் வேலை. நம் வீடுகளில் ஒரு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சுவர் இருக்கும், இன்னொன்றுக்குப் பக்கத்தில் சமையலறைக்குப் போகிற திறந்த வழி இருக்கும். இந்த ஏற்பாட்டில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்டால்தான் ஆச்சரியம்.

மங்கல் பெட்டியோடு போனால் மட்டும் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். ட்வீட்டரைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: உள்ளே இருக்கும் காந்தம் டிரைவரின் முனையைச் சட்டென்று இழுக்கும். இழுத்த இழுப்பில் நேராக டோமின்மேல் போய்க் குத்தும். கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் நடக்கும். ஒரு விசிட்டிங் கார்டை இடது கையில் பிடித்து டோமை மறைத்துக்கொண்டே கழற்றுங்கள். வெளியே எடுத்ததும், எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துவிட்டு, அப்புறம் வயரை உருவுங்கள். பல ட்வீட்டர்களில் அகலமான முனைதான் பிளஸ்.

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டுப் பாருங்கள். 8 ஓம் ட்வீட்டர் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் காட்டும். 4 ஓம் என்றால் மூன்று, மூன்றரை. இரண்டு ட்வீட்டருக்கும் புள்ளிக்குப் பின்னால் ஒன்றிரண்டு எண் வேறுபட்டால் பரவாயில்லை. ஒன்றுமே காட்டவில்லை என்றால் டோமை அசைக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’ (coil) அறுந்துவிட்டது. சின்ன ஆம்ப்பை வைத்துக்கொண்டு வால்யூமைக் கடைசி வரை திருகும் வீடுகளில் இது சகஜம். ஆம்ப் தன் எல்லையைத் தாண்டியதும் அலையின் தலை வெட்டுப்படும், மேல் அலைவரிசைகள் கூடும், மயிரிழை போன்ற அந்தக் காயில் சூடேறிக் கருகும்.

உங்கள் விஷயத்தில் ஓம்ஸ் சரியாகவே காட்டும் என்று நினைக்கிறேன். மங்கலாகவாவது கேட்கிறது என்றீர்களே. அப்படியானால் சந்தேகம் இரண்டு பேர்மேல்தான்.

ஒன்று கெப்பாசிட்டர். வூஃபரைக் கழற்றினால் உள்ளே கிராஸ்ஓவர் போர்டு தெரியும்; தாழ்ந்த சத்தத்தை வூஃபருக்கும் மேல் சத்தத்தை ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலத்துப் பெட்டிகளில் அது பெரும்பாலும் பைபோலார் (பிளஸ், மைனஸ் பேதமில்லாத) எலக்ட்ரோலிட்டிக். இருபது வருஷத்தில், அதுவும் நம் ஊர் வெயிலில், அதற்குள் இருக்கும் ஈரம் காய்ந்துபோகும், உள்தடை ஏறும், ட்வீட்டருக்குப் போக வேண்டியது வழியிலேயே நின்றுவிடும். அதே மைக்ரோஃபாரட் மதிப்பில் பாலிப்ரோப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டர் வாங்கி இரண்டு பெட்டியிலும் போடுங்கள். இரண்டிலும் என்பதை மறக்க வேண்டாம். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. பழையதைவிட இது பல மடங்கு பருமனாக இருக்கும். போர்டில் உட்காராது, கேபிள் டை போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். பிளஸ், மைனஸ் போட்ட சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கை மட்டும் இந்த இடத்தில் போட்டுவிடாதீர்கள். புது கெப்பாசிட்டரின் உள்தடை குறைவு என்பதால் ட்வீட்டர் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கலாம். அது உறுத்தினால் அதனோடு தொடராக அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று போதும்.

இன்னொன்று ஃபெரோஃப்ளூயிட். காயில் அசையும் அந்த மெல்லிய இடுக்கில், சூட்டைக் கடத்தவும் அதிர்வை அடக்கவும் ஊற்றியிருக்கும் காந்த எண்ணெய். 1963இல் நாசாவில் ஸ்டீவ் பேப்பல் என்பவர் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுப்பதற்காகக் கண்டுபிடித்த சரக்கு இது. ராக்கெட்டைவிட ஸ்பீக்கருக்குத்தான் நன்றாக உழைத்திருக்கிறது. எல்லா ட்வீட்டரிலும் இருக்காது. இருப்பதில், வருஷங்கள் போகப் போகக் கெட்டியாகிப் பிசின் மாதிரி ஆகிவிடும். காயில் அதற்குள் சிக்கி அசைய முடியாமல் நிற்கும். மீட்டரில் ஓம்ஸ் சரியாகக் காட்டும், சத்தம் மட்டும் வராது. டோம் தனியாகக் கழலும் மாடலாக இருந்தால் தூக்கிப் பாருங்கள். இடுக்கில் பழுப்பு நிறத்தில் ஒட்டினால், மெல்லிய அட்டைத் துண்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து இடுக்கில் விட்டுச் சுற்றி இழுக்க வேண்டும். அட்டை சுத்தமாக வரும் வரைக்கும் திரும்பத் திரும்ப. அப்புறம் அளந்து புது ஃபெரோஃப்ளூயிட். டோம் கழலாத மாடல் என்றால் இதில் இறங்காதீர்கள்.

இந்த இரண்டும் முடிந்து இடது, வலது ஒன்றுபோல் கேட்க ஆரம்பித்தால், ‘அப்கிரேடு’ என்ற பேச்சில் பாதி அத்தோடு முடிந்துவிடும். எனக்குத் தெரிந்த பல பழைய ஸ்பீக்கர்களில், ட்வீட்டர் போச்சு என்று சொன்னவர்களுக்குப் போயிருந்தது கெப்பாசிட்டர்தான்.

அடுத்தது உங்கள் ஹால். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் வீடு கட்டினால் தரைக்கு கிரானைட் போடாமல் யார் விடுகிறார்கள்? குவாரி பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட தரை, மேலே கான்க்ரீட் தளம், வெற்றுச் சுவர், ஸ்டீல் பீரோ. ஹால் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். ‘கிர்ர்’ரென்று ஓர் எதிரொலி இழுத்தால், உங்கள் காதைக் குத்துவதில் பெரும்பங்கு அந்த அறையுடையது. ட்வீட்டரிலிருந்து நேராக வரும் சத்தத்தோடு, சுவரிலும் தரையிலும் பட்டுச் சில மில்லிசெகண்ட் தாமதமாக வரும் சத்தமும் சேர்ந்துதான் காதில் விழுகிறது. ஐயாயிரம் ரூபாய் ட்வீட்டரானாலும் ஐம்பதாயிரம் ரூபாய் ட்வீட்டரானாலும் கிரானைட் ஒரே மாதிரிதான் திருப்பி அடிக்கும்.

இதற்கு ஸ்டூடியோக்காரர்கள் ஒட்டும் கூம்பு கூம்பான ஃபோம் வேண்டாம். ஸ்பீக்கருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே தரையில் கனமான விரிப்பு. ஜன்னலுக்குக் கனத்த பருத்தித் திரை. பக்கச் சுவரில் எந்த இடத்தை மூட வேண்டும் என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: வீட்டில் யாரையாவது முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நகரச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ, அதுதான் இடம். சும்மா சோதித்துப் பார்க்க, அங்கே ஓர் இலவம் பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்துவிட்டு அதே பாட்டைக் கேளுங்கள். மெல்லிய ஜமுக்காளம் மேல்ஸ்தாயியை மட்டும்தான் விழுங்கும். மெத்தை அதற்குக் கீழேயும் இறங்கும். வித்தியாசம் பிடித்தால் மெத்தை இருந்த இடத்தில் ஒரு புத்தக அலமாரி வைத்துக்கொள்ளலாம், வீட்டில் சண்டை வராது.

பீரோ மேல் வைத்திருக்கிறேன் என்றீர்கள். அங்கிருந்து கட்டாயம் இறக்குங்கள். வூஃபரும் ட்வீட்டரும் வேலையைக் கைமாற்றிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் 2, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம். 3 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11.5 சென்டிமீட்டர். இரண்டின் மையத்துக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் இருந்தால், சுமார் 23 டிகிரி மேலேயோ கீழேயோ போகும்போது ஒன்றின் அலை மற்றதைவிட அரை அலை பிந்தி வந்து இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அது 85 சென்டிமீட்டர் உயர வித்தியாசம். பீரோ தலைக்கும் நாற்காலியில் இருக்கும் உங்கள் காதுக்கும் அதைவிட அதிகமாகவே இருக்கும். குரலின் தெளிவு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தை வைத்துக்கொண்டு ட்வீட்டரைக் குறை சொன்னால் அது பாவம். நாற்காலி என்றால் ட்வீட்டர் தரையிலிருந்து ஒரு மீட்டர் பக்கம் இருக்கட்டும். பாய் போட்டுக் கேட்பவர் என்றால் முக்கால் மீட்டர். பெட்டிகளை உங்களைப் பார்த்துத் திருப்பினால் ட்ரெபிள் கூடும், நேராக வைத்தால் குறையும். காசு செலவில்லாத ட்ரெபிள் கண்ட்ரோல் இதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு இன்னும் குறை இருந்தால், வாங்கப்போகும் மாற்றத்தை வாங்குவதற்கு முன்பே கேட்டுப் பாருங்கள். போனிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு ஈக்வலைசரைப் போட்டு, 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சத்தத்தை 2 டெசிபல் குறைத்து நாலைந்து நாள் கேளுங்கள். அப்புறம் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 2 டெசிபல் ஏற்றிக் கேளுங்கள். பழைய ட்வீட்டருக்கும் புது ட்வீட்டருக்கும் நடுவே ஜனங்கள் சிலாகிக்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த அளவுக்குள்தான் இருக்கிறது. ஈக்வலைசரில் திருப்தி வந்துவிட்டால் பதினைந்தாயிரம் மிச்சம்.

இனி ஓசூர் நண்பரின் யோசனை. மெட்டல் என்றால் தெளிவு, சில்க் என்றால் மென்மை என்று எல்லோரும் சொல்வார்கள். யமஹா என்எஸ்-10 என்று ஒரு ஸ்பீக்கர் 1978இல் வந்தது. வீட்டுக்கென்று வந்தது ஸ்டூடியோக்களில் போய் நிலைத்துவிட்டது. அதன் ட்ரெபிள் தாங்காமல் ட்வீட்டருக்கு முன்னால் டிஷ்யூ பேப்பரைத் தொங்கவிட்டு வேலை பார்த்தார்கள் சவுண்டு என்ஜினியர்கள். யமஹாவே 1987இல் ட்வீட்டரை அடக்கி ஸ்டூடியோ மாடல் என்று வெளியிட்டது. அந்தக் குத்தல் ட்வீட்டர் மெட்டல் அல்ல, சாஃப்ட் டோம்! குணத்தை முடிவு செய்வது துணியா தகடா என்பதைவிட, அதற்கு எவ்வளவு சத்தம் கொடுத்திருக்கிறார்கள், எந்த அலைவரிசைக்குக் கீழே உள்ளதை அதற்குப் போகாமல் வெட்டியிருக்கிறார்கள் என்பதுதான்.

வூஃபரும் ட்வீட்டரும் உழவு மாட்டு ஜோடி மாதிரி. ஒன்றை மட்டும் விரைப்பான இளங்காளையாக மாற்றினால் ஏர் நேராகப் போகாது. கணக்கைப் பாருங்கள். பழைய ட்வீட்டர் 8 ஓம், கெப்பாசிட்டர் 6.6 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 3 கிலோஹெர்ட்ஸில் வெட்டும். அதே இடத்தில் 4 ஓம் ட்வீட்டரைச் செருகினால் வெட்டும் இடம் 6 கிலோஹெர்ட்ஸுக்குத் தாவிவிடும். வூஃபர் மூன்றிலேயே நின்றுவிட்டது, ட்வீட்டர் ஆறில்தான் கிளம்புகிறது, நடுவில் யாருமில்லை. போட்டவுடன் ‘ஆகா, என்ன தெளிவு’ என்று தோன்றும். ஒரு வாரம் கழித்து, பாடகி அடுத்த அறையிலிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறதே என்று தலையைச் சொறிவீர்கள்.

ஓம்ஸ் பொருந்தினாலும் சென்சிட்டிவிட்டி (கொடுக்கும் பவருக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது) பொருந்த வேண்டும். புதியது 3 டெசிபல் அதிகம் என்றால், அதே சத்தத்துக்குப் பாதி பவர் போதும் என்று அர்த்தம். அதை அடக்க இரண்டு ரெசிஸ்டர் வேண்டும்: 8 ஓமுக்கு 3 டெசிபல் குறைக்கத் தொடராக 2.3 ஓம், குறுக்காக 19 ஓம் பக்கம். அதன் ரெசனன்ஸ் (டோம் தானாகவே அதிகம் அதிரும் அலைவரிசை) எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வெட்டும் இடம் ரெசனன்ஸைப் போல் இரண்டு மடங்காவது மேலே இருந்தால்தான் ட்வீட்டர் நிம்மதியாக வேலை செய்யும். முகத்தகட்டின் விட்டமும் உண்டு. பல கம்பெனிகளில் 104 மில்லிமீட்டர்தான், ஆனால் உங்கள் பெட்டியின் துளை என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. பிபிசி என்ஜினியர்கள் எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்தபோது, கெஃப் கம்பெனியின் ஒரே டி27 ட்வீட்டர் பீஸுக்குப் பீஸ் கொஞ்சம் வேறுபடும் என்பதற்காகவே கிராஸ்ஓவரில் அளவை ஏற்றி இறக்கப் பல முனைகள் வைத்தார்கள். ஒரே மாடலுக்கே இத்தனை பாடு என்றால், வேறு கம்பெனி ட்வீட்டரை அளக்காமல் செருகுவது லாட்டரிதான்.

அப்படியென்றால் எப்போதுதான் மாற்றலாம்? காயில் அறுந்து, கம்பெனியின் ஸ்பேர் கிடைக்காதபோது. அல்லது உங்கள் மாடலுக்கென்றே யாரோ அளந்து, புது கிராஸ்ஓவர் மதிப்புகளோடு ஒரு மாற்று ட்வீட்டரைச் செய்து காட்டியிருக்கும்போது. அல்லது நீங்களே ஒரு யூஎஸ்பி மைக்கும் ரூம் ஈக்யூ விசார்டு என்ற இலவச சாஃப்ட்வேரும் வைத்துக்கொண்டு அளக்கத் தயார் என்னும்போது. மூன்றாவது நல்ல பொழுதுபோக்கு, ஆனால் சிக்கனம் அல்ல. டென்மார்க்கின் ஸ்கேன்-ஸ்பீக், நார்வேயின் சியாஸ், இந்தோனேசியாவின் எஸ்பி அகூஸ்டிக்ஸ் எல்லாம் ரெசனன்ஸ், சென்சிட்டிவிட்டி, கிராஃப் என்று முழு விவரத்தோடு தாள் போடுகிறார்கள். அந்தத் தாள் இல்லாத ட்வீட்டரை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

ஊரில் மைக் செட் ரிப்பேர் கடைக்குப் போனால், நல்ல மனசோடு ஒரு புல்லட் ட்வீட்டரையோ பீசோவையோ எடுத்து நீட்டுவார்கள். தேர்த் திருவிழாவுக்கும் கூத்துக்கும் அது சரி. வீட்டு ஸ்பீக்கரில் போட்டால் மற்ற எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கத்தும். கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் வகையறாவுக்கு பெங்களூர் எஸ்.பி. ரோடு உங்களுக்குக் கிட்ட, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் தூரம். கடையில் வோல்டேஜும் சொல்லிக் கேளுங்கள், 100 வோல்ட்டுக்குக் குறையாமல். பெரிலியம் டோம் என்று யாராவது செகண்ட் ஹேண்டில் மலிவாகக் காட்டினால், டோமில் விரிசலோ உடைசலோ இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பாருங்கள். உடைந்திருந்தால் தொட வேண்டாம். அதன் தூள் நுரையீரலுக்கு விஷம்.

எதை மாற்றினாலும் ஜோடியாக மாற்றுங்கள், பழைய ட்வீட்டர்களைத் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள். நாளைக்கு ஸ்பீக்கரை விற்க நினைத்தால், ஒரிஜினல் இருக்கிறதா என்றுதான் வாங்குபவர் முதலில் கேட்பார். பெட்டியை இடம் மாற்றிப் பார்த்ததில் என்ன தெரிந்தது, இரண்டு ட்வீட்டரும் எத்தனை ஓம் காட்டின, கெப்பாசிட்டரின்மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று எழுதுங்கள். ட்வீட்டர் பின்பக்கக் காந்தத்தில் ஒட்டியிருக்கும் லேபிளையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் மாற்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.